ஐந்நூற்று இருபது கெஜம்

அன்று மேசையைச் சுற்றி நான்கு பேர் இருந்தோம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி லோவல் பிராண்ட்வோல்ட். அது அவனுடைய நாற்காலி. முப்பது வருஷத்தில் வேறு யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவனுக்கு இடப்பக்கம், அடுப்புக்குக் கை எட்டும் தூரத்தில், அவன் மனைவி ஆர்லீன். எதிரே கதவை ஒட்டி வேட்டை வழிகாட்டி ராய்ஸ் ஆம்டால். பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டதால் கால்களை நாற்காலிக்கு அடியில் மறைத்து வைத்திருந்தான். நான் ஃபிரிட்ஜ் பக்கம். ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி. ஆர்லீன் ஹக்கிள்பெர்ரி ஜாம் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

உரிமக் குழுத் தலைவர் அவர்களுக்கு, வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஹெலினாவில் ராய்ஸ் ஆம்டாலை விசாரிக்கப் போகிறீர்கள். அவனுடைய வழிகாட்டி உரிமத்தை ரத்து செய்வதா என்பதே கேள்வி என்று உங்கள் நோட்டீஸ் சொல்கிறது. என் பெயர் ஆரின் ட்வைட், வயது அறுபத்து மூன்று. எங்கள் ஊர் தானியக் கிடங்கில் முப்பத்து நாலு வருஷம் லாரிகளுக்கு எடை போட்டேன். உங்கள் கோப்பில் என்னுடைய ஒரு பக்க அறிக்கை இருக்கிறது. அது தவறு. எங்கே தவறு என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு வடக்கே இருக்கும் மலைப்படுகையில் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாட அனுமதிச் சீட்டு குலுக்கலில்தான் கிடைக்கும். அந்த மானில் ஆணைக் கொம்பன் என்போம். லோவல் பதினாறு வருஷம் விண்ணப்பித்தான். பதினேழாவது தடவை பெயர் வந்தது. அவனுக்கு அறுபத்தாறு வயது, வலது முழங்கால் சரியில்லை. அடுத்த சீட்டு வரும்போது அவன் இருக்கமாட்டான் என்பதை அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். ஆக, ஒரு வேட்டை, ஒரு கொம்பன், சரியாகச் சொன்னால் ஒரே ஒரு குண்டு. அந்தக் குண்டைத் தேர்ந்தெடுத்து, மருந்தோடு உறையில் பொருத்தித் தோட்டா கட்டித்தரும் வேலை என்னுடையது. எங்கள் வட்டாரத்தில் தொலைதூரத்துக்குச் சுடுபவர்களில் பாதிப்பேர் என் நிலவறையில் கட்டிய தோட்டாவைத்தான் எடுத்துப்போவார்கள்.

அன்று நடந்த பேச்சை நினைவில் உள்ளபடி தருகிறேன்.

"பெருசு, முன்னாடியே சொல்லிடறேன்," என்றான் ராய்ஸ். "அங்க ஒரு மேட்டுல படுத்து அடுத்த மேட்டுக்குச் சுடணும். நானூறு கெஜத்துக்குக் குறைஞ்சு ஒண்ணும் கிடைக்காது. ஆனா ஐந்நூறைத் தாண்டினா சுட விடமாட்டேன். என் ஒப்பந்தத் தாள்லயே அச்சடிச்சு வச்சிருக்கேன்."

"கல்யாணத்தப்ப இவகூட இத்தனை கண்டிஷன் போடலடா," என்றான் லோவல்.

"போட்டேன். உனக்குத்தான் காது கேக்கல," என்றாள் ஆர்லீன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ராய்ஸ் என் பக்கம் திரும்பினான். "ஆரின், குண்டு விஷயம் உங்க கையில. ஒண்ணே ஒண்ணு. கொம்பனோட தோள்பட்டை எலும்பு கருங்கல் மாதிரி. அதுல பட்டாலும் உடையாம உள்ள போற குண்டா வேணும். இலக்குக் குண்டு மட்டும் வேண்டாம்."

"நீ டயப்பர் கட்டின காலத்துல இருந்து நான் தோட்டா கட்டறேன்."

"தெரியும். அதனாலதான் கெஞ்சிக் கேக்கறேன், உத்தரவு போடல."

எல்லாரும் சிரித்தோம். நான் சரி என்றேன். அந்தச் சரியை இப்போது திரும்பிப் பார்க்கும்போது வெட்கமாக இருக்கிறது.

உங்கள் குழுவில் வேட்டை பழகாதவர்களும் இருக்கலாம். அவர்களுக்காக இது. இலக்குக் குண்டு காகிதத்தைத் துளைக்கச் செய்தது. செப்பு உறை மெல்லியது, உள்ளே ஈயம், அச்சுப் பிசகாத வடிவம். போகச் சொன்ன இடத்துக்குப் போகும். கனமான எலும்பில் பட்டால் மட்டும் முட்டை ஓடு மாதிரி நொறுங்கிவிடும். வேட்டைக் குண்டின் உறை தடித்தது, ஈயத்தோடு ஒட்டவைத்திருக்கும். பட்ட பிறகு காளான் போல விரிந்து, உடையாமல் உள்ளே போய் நுரையீரலை எட்டும். மிருகம் நாலு அடி நடந்து விழுந்துவிடும். ஆனால் சில துப்பாக்கிகளுக்கு வேட்டைக் குண்டு ஒத்துக்கொள்ளாது. லோவலுடைய துப்பாக்கி அந்த ரகம்.

மூன்று வாரம் முயன்றேன். மருந்தின் எடையை மாற்றினேன், குண்டு உட்காரும் ஆழத்தை மாற்றினேன். நூறு கெஜத்தில் மூன்று குண்டும் இரண்டரை அங்குலத்துக்குப் பரவி விழுந்தன. ஐந்நூறு கெஜத்தில் அது ஒரு அடிக்கு மேல். கொம்பனுக்கு அது போதும். அதன் நெஞ்சு அதைவிட அகலம். லோவலிடம் போய், "உன் துப்பாக்கி இதை இவ்வளவுதான் சுடும், நானூறுக்குள் நெருங்கிப் போ" என்று சொல்லியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

என் நிலவறைச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. நான் தோட்டா கட்டிய ஒவ்வொரு துப்பாக்கியின் இலக்குத் தாளும் அதில் குத்தியிருக்கிறது. நாற்பத்தொரு தாள். ஒன்றுகூட ஒரு அங்குலத்தைத் தாண்டியதில்லை. லோவலின் தாளை அங்கே குத்த எனக்கு மனம் வரவில்லை. அவன் வாரத்துக்கு இரண்டு தடவை அங்கே வந்து உட்கார்ந்து என் காப்பியைக் குடிக்கிறவன்.

ஆகவே அதே எடையுள்ள இலக்குக் குண்டை வைத்துக் கட்டினேன். மூன்று குண்டும் ஒரே ஓட்டையாக விழுந்தன. இருபது தோட்டா கட்டினேன். பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் வேட்டைக் குண்டின் பெயரை எழுதினேன். எங்களிடையே தோட்டாவைப் பிரித்துச் சீட்டைச் சோதிக்கும் வழக்கமில்லை. கட்டினவன் எழுதியதே பேச்சு. அதற்கு முன் நான் பொய்ச் சீட்டு எழுதியதில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பெட்டியைத் திறந்ததும் லோவல் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"என்னடா, முனை சிவப்பா இருக்கு? போன தடவை நீ காட்டினது கறுப்புல்ல?"

"கம்பெனிக்காரன் நிறத்தை மாத்திட்டான்."

"இதுக்குன்னு ஒருத்தன் சம்பளம் வாங்கறான் பாரு," என்றான்.

அன்று மாலையே சுடும் திடலுக்குப் போனோம். பத்து தோட்டா சுட்டான். தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் தோளில் அடித்த அடி இரண்டு நாள் வலித்தது. அந்தத் தாளை அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினான். "நம்ம கல்யாண போட்டோவை எடுத்துட்டு இதை மாட்டிடலாம், ஆர்லீன். இதுல எல்லாரும் ஒண்ணா இருக்காங்க," என்றான். மீதிப் பத்துத் தோட்டாவை மலைக்கு எடுத்துவைத்துக்கொண்டான்.

அக்டோபர் இருபத்திரண்டு, வேட்டையின் நாலாம் நாள், பிற்பகல் மூன்று மணி. இது ராய்ஸ் சொன்னது, நான் நம்புகிறேன். கொம்பன் எதிர்மேட்டில் நின்றது. தூரமானியில் ஐந்நூற்று இருபது கெஜம். ராய்ஸ் வேண்டாம் என்றான். லோவல், "பதினாறு வருஷம்டா, இருபது கெஜத்துக்கா பாக்கறே?" என்று கேட்டான். ராய்ஸ் காற்றைப் பார்த்தான், அதற்கேற்ற குறித் திருத்தம் சொன்னான், சுடச் சொன்னான். அவன் மேல் உள்ள முதல் குற்றச்சாட்டு அந்த இருபது கெஜம்.

கொம்பன் முன்காலை மடக்கித் தடுமாறியது. பிறகு எழுந்து மரங்களுக்குள் நடந்துவிட்டது. வழக்கப்படி அரைமணி காத்திருந்துவிட்டு இருவரும் தடம் பார்த்துப் போனார்கள். ரத்தம் குறைவாக இருந்தது. அது மறுபக்கம் இறங்காமல் தடுக்க ராய்ஸ் மேல்முகட்டைச் சுற்றிப் போனான். லோவலை அங்கேயே உட்காரச் சொன்னான். அது இரண்டாவது குற்றச்சாட்டு. லோவல் உட்காரவில்லை. காயப்பட்ட மிருகத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்க அவனால் முடியாது. அன்று மாலை பனி பெய்தது. ராய்ஸ் திரும்பி வந்தபோது ஆள் இல்லை, தடமும் இல்லை.

எங்கள் மாவட்டத் தேடுதல் குழுவில் நான் பதினொரு வருஷமாகத் தொண்டன். மறுநாள் காலை ஐந்தரைக்குத் தொலைபேசி வந்தது. "தோள்லயே பட்டிருக்கு, ஆனா விழல, அதைத் தேடிப் போன லோவலைக் காணோம்," என்றார்கள். விஷயம் எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

ஆள் குறைவு, ஆளுக்கு ஓர் ஓடை என்று பிரித்துக்கொண்டோம். எனக்குக் கிழக்கு ஓடை. பத்து மணி பத்து நிமிஷத்துக்கு, சாய்ந்துகிடந்த ஆஸ்பென் மரங்களுக்கு நடுவில் கொம்பனைப் பார்த்தேன். இறந்துவிட்டிருந்தது. கையை வைத்தால் தோலுக்கு அடியில் இன்னும் சூடு இருந்தது. விடிகிற வரைக்கும் உயிரோடு இருந்திருக்க வேண்டும்.

பத்து இருபதுக்கு விசில் கேட்டது. மூன்று ஊதல், இடைவெளி, மூன்று ஊதல். ஓடைக்கு மேலே, இடதுபக்கச் சரிவில், கால் மைல் தூரம் இருக்கும். லோவல் கழுத்தில் ஆரஞ்சு நிற விசில் மாட்டியிருப்பான். ஆர்லீன் வாங்கிக் கொடுத்தது.

நான் எப்போதும் ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவன். விசில் பலமாகத்தான் இருந்தது. அவ்வளவு பலமாக ஊதுகிறவனுக்கு அவசரமில்லை என்று எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் வந்துவிட்டால் கொம்பனைத் தனியாகப் பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைக்காது. கத்தியை எடுத்துத் தோள்பட்டையைத் திறந்தேன்.

குண்டு பட வேண்டிய இடத்திலேயே பட்டிருந்தது. காற்றுத் திருத்தத்தில் ஒரு விரல்கூடப் பிழையில்லை. இதை ராய்ஸுக்காக எழுதுகிறேன், தயவுசெய்து இந்த வரியை உரக்கப் படியுங்கள். குண்டுதான் எலும்பின் மேலேயே நொறுங்கிவிட்டது. உள்ளே போகவில்லை. உள்ளங்கை அளவுக்குச் சதை குழைந்திருந்தது, அதில் ஈயத் தூளும் கிழிந்த செப்புத் துண்டுகளும். ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். சிவப்பு முனையின் சில்லுகூடக் கிடைத்தது. குனிந்த இடத்திலிருந்து நிமிரவில்லை. நாற்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. விசில் இடையில் எப்போதோ நின்றிருந்தது. எந்த நிமிஷம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வேலையில் கவனமாக இருந்தேன்.

துண்டுகளை ஓடையில் போட்டேன். பிறகு வாக்கி-டாக்கியில், "கொம்பன் கிடைச்சிருக்கு, ஆள் அடையாளம் இல்ல, மேல ஏறிப் பாக்கறேன்," என்றேன்.

பதினொன்றரைக்கு அவனைக் கண்டேன். சரளையில் சறுக்கி, விழுந்த மரத்தின் இடுக்கில் தொடை முறிந்து கிடந்தான். பெல்ட்டால் தொடையை இறுக்கிக் கட்டியிருந்தான், நன்றாகவே கட்டியிருந்தான். கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். நாடி இல்லை, சூடு இருந்தது. பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இறந்திருக்கலாம் என்று மருத்துவர் எழுதினார். ஒரு மணி நேரம் முன்னால் போயிருந்தாலும் பிழைத்திருப்பான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் எழுதினார். அந்தப் பத்தியை நான் அடிக்கடி படிக்கிறேன்.

துப்பாக்கியில் மூன்று தோட்டா இருந்தது, இடுப்புப் பையில் ஆறு. ஒன்பதையும் எடுத்துக்கொண்டு, வேட்டைக் குண்டு வைத்த ஒன்பது தோட்டாவைப் போட்டேன். ஷெரீஃபின் ஆட்கள் பின்னால் சோதித்தது அவற்றைத்தான். சீட்டில் எழுதியபடியே இருக்கிறது, தோட்டாவில் குறையில்லை என்று அவர்கள் அறிக்கை தந்தார்கள்.

அவை எனக்கு எங்கிருந்து கிடைத்தன என்று நீங்கள் கேட்பீர்கள். முதல் மூன்று வாரச் சோதனையில் மிஞ்சியவை. காலையில் தொலைபேசியை வைத்ததும் நிலவறைக்கு இறங்கிப்போய்ப் பத்துத் தோட்டாவை எண்ணிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் முதலுதவிப் பையைத் தேடினேன். அது வழக்கமான இடத்தில் இல்லை. நேரமாகிவிட்டதால் அதை விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அவனிடமிருந்து எடுத்த ஒன்பதையும் வீட்டில் பிரித்து, குண்டுகளை அவற்றின் டப்பாவில் திரும்பப் போட்டுவிட்டேன். எதையும் வீணாக்கிப் பழக்கமில்லை.

அன்று மாலை நான் கொடுத்த அறிக்கையில் குண்டு தோளுக்கு ஒரு அடி முன்னால், மார்பின் கீழ்ப்பக்கம் பட்டிருந்தது என்று எழுதினேன். விசில் கேட்கவில்லை என்று எழுதினேன். கொம்பனைச் சரிபார்க்க ஆள் போவதற்குள் கரடி வந்து தின்றுவிட்டுப் போய்விட்டது. ஆகவே என் எழுத்து மட்டும்தான் சாட்சி. சரியான தோட்டா, தவறான இடம் என்றால் தப்பு காற்றைப் படித்தவனுடையதாகிறது. அதை எழுதும்போது ராய்ஸைப் பற்றி நினைக்கவில்லை. நினைக்காமல் இருந்ததை எண்ணித்தான் கூசுகிறேன்.

நவம்பரில் ஆர்லீன் என் வீட்டுக்கு வந்தாள். ஜாம் பாட்டில் இரண்டைக் கொடுத்துவிட்டு, கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"நீ கண்டுபிடிச்சதே எனக்கு ஆறுதல், ஆரின். முன்னப்பின்ன தெரியாதவன் கையில கிடைச்சிருந்தா என்னால தாங்கியிருக்க முடியாது."

நான் காப்பி ஊற்றினேன்.

"அவர் கூப்பிட்டாரா? விசில் ஏதாவது?"

"இல்ல, ஆர்லீன். ஒரு சத்தமும் இல்ல."

"அப்ப கஷ்டப்படாமப் போயிருக்கார்."

"ஆமா."

"அந்த ராய்ஸை மட்டும் நான் விடமாட்டேன். தப்பா சுடச் சொன்னதும் இல்லாம, தனியா வேற விட்டுட்டுப் போயிருக்கான்."

அடுத்த வாரம் உங்களுக்குப் புகார் எழுதினாள். உறையின் மேல் விலாசத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன்; என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்று கேட்டாள்.

ராய்ஸ் போன ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஆள் பாதியாக இளைத்திருக்கிறான். வேட்டைக்குச் சுமை தூக்கும் கோவேறு கழுதைகளை விற்றுவிட்டதாகச் சொன்னான். இந்தத் தடவை பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தான்.

"ஆரின், ஒரே ஒரு விஷயம். காத்து எட்டு மைல்னு படிச்சேன். பன்னெண்டு இருந்திருக்குமோ? நீங்க கண்ணால பாத்தீங்களே, எவ்வளவு முன்னாடி பட்டிருந்துச்சு? கையால காட்டுங்க."

இரண்டு கையையும் ஒரு அடி விரித்துக் காட்டினேன். அவன் என் கைகளுக்கு நடுவில் இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"குழு என்ன முடிவு பண்ணினாலும் சரி," என்றான். "நான் வக்கீல் வைக்கல. எதிர்த்தும் பேசப்போறதில்ல. அவரைக் கொன்னது நான்தான்."

"அப்படிச் சொல்லாதே," என்றேன்.

அவன் போன பிறகு, அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். அடித்தல் திருத்தல் உள்ள கடிதத்தை அனுப்ப எனக்குப் பிடிக்காது. இது நாலாவது பிரதி.

சுருக்கம் இதுதான். ராய்ஸ் ஆம்டால் காற்றைச் சரியாகப் படித்தான். லோவல் பிராண்ட்வோல்ட் சரியாகச் சுட்டான். கொம்பன் விழாததற்குக் காரணம் நான். லோவல் கூப்பிட்டான், நான் கேட்டேன், போகவில்லை. ராய்ஸ் உரிமத்தை இழக்கக்கூடாது. என்னை என்ன செய்ய வேண்டும் என்பதை ஷெரீஃபும் நீங்களும் பேசிக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை, ஆகவே கேட்கவில்லை.

இந்தக் கடைசித் தாளைத் தபால் நிலையத்தில், கவுண்டர் பக்கத்துப் பலகையில் வைத்து எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை, மணி மூன்று நாற்பது. கவுண்டரில் நெல்டா இருக்கிறாள். விலாசத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அட, ராய்ஸ் கேஸா?" என்றாள். "அவன் நாளைக்குக் காலைல கிளம்பறான், போற வழியில இங்க வருவான். அவன்கிட்டயே கொடுத்தனுப்பட்டுமா?"

வேண்டாம் என்றேன். அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிப்போகிறவன் கையில் இதைக் கொடுப்பது முறையில்லை.

"அப்ப எக்ஸ்பிரஸ்ல போடு. நாளைக்குச் சாயங்காலமே அவங்க கையில இருக்கும்."

சாதாரணத் தபாலே போதும் என்றேன்.

"சாதாரணம்னா கிரேட் ஃபால்ஸ் போய்ச் சுத்தி வரும், ஆரின். வெள்ளிக்கிழமை ஆகும். சனிக்கிழமைகூட ஆகலாம்."

வெள்ளிக்கிழமையே நல்லது என்று எனக்கும் படுகிறது. வியாழக்கிழமை உங்களுக்கு வேலை நெருக்கமாக இருக்கும். இத்தனை பக்கத்தை அவசரத்தில் படித்தால் நேரங்களிலும் தூரங்களிலும் கவனம் பிசகும். என் பங்குக்கு நான் ஒன்றையும் மறைக்காமல், தாமதிக்காமல் எழுதிவிட்டேன். நெல்டா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். உறையை ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன்.